கரைமடிக் கைகளும் சேவியரின் நெஞ்சும்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொருவராக வந்து அதன் நெஞ்சை அமுக்கிக் காட்டுங்கள் என்றேன். உங்களில் ஒரு பிள்ளை, தோசை மாவு புளித்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இரண்டு விரலால் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சிஸ்டரே, நம்ம போற வீட்டுல எல்லாம் கான்சரும் பக்கவாதமுமாக்கும். படுத்த படுக்கையா கெடக்கவிய. அவியளுக்க நெஞ்ச நம்ம என்னத்துக்கு அமுக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "முதல்ல பொம்மைய ஒழுங்கா அமுக்கு, பொறவு கேள்வி கேளு" என்று கத்தினேன். அவள் முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. கேள்வி நியாயமான கேள்விதான். கோபப்பட்டதுதான் நியாயமில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு, பிறகு உங்களைப் போலவே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் வேலை. வெள்ளறடையிலிருந்து பொழியூர் வரை நான் ஏறாத மேடும் இறங்காத பள்ளமும் இல்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். முழங்கால் இரண்டும் என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டன.

அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் இது. நாம் பார்க்கப் போகிற வீட்டில், நோயாளியும் வீட்டுக்காரர்களும் டாக்டரும் பேசி முடிவெடுத்த இடத்தில், நெஞ்சை அமுக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நானும் அப்படி எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நம் ஜீப் அந்த வீட்டுக்கு வானத்தில் பறந்து போவதில்லை. ரோட்டில்தான் போகிறது. ரோட்டில் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் சாக நேரம் வரவில்லை.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பாறசாலைப் பக்கம் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார் என்று தூக்கி வந்தார்கள். கட்டிலில் போட்டதும் நான் பாய்ந்து அமுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் போட்டேன். வியர்வை மூக்கிலிருந்து சொட்டியது. நான் அமுக்க அமுக்க அவர் உடம்பு நன்றாகக் கீழே போய் மேலே வந்தது. பிரமாதமாகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

டியூட்டி டாக்டரம்மா வந்தார். ஆள் குள்ளம், சத்தம் போடாதவர். இன்னொரு நர்சை அமுக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து நோயாளியின் முதுகுக்கடியில் செருகினார். அங்கே மெத்தைதான் அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. "இவ்வளவு நேரம் நீ மெத்தைக்குத்தான் உயிர் கொடுத்துட்டு இருந்திருக்கே" என்றார். முதுகுக்கடியில் பலகையைத் தள்ளி மறுபடி ஆரம்பித்தோம். அந்த மனிதர் பிழைக்கவில்லை. பலகை முதலிலேயே இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அதை நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

இனி பொழியூர்.

அன்று கடலை ஒட்டிய தெருவில் ஒரு முதியவருக்கு மூத்திரக் குழாய் மாற்றும் நாள். காலை ஒன்பதரை இருக்கும். ஜீப்பை ஓட்டியது நெய்யாற்றின்கரைக்காரன் மணியன். என் தம்பி வயசு, வாய் நீளம், மனசு தங்கம். அந்தத் தெருவுக்குப் போகும் நேர் ரோட்டைக் கடல் பாதி தின்றுவிட்டிருந்தது. பெரிய பெரிய கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதனால் ஊருக்குள் சுற்றி, இரண்டு சந்து மாறித்தான் வண்டி வர முடியும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்று எல்லாமே அந்த ரோட்டில்தான் மாட்டிக்கொண்டது.

வேலை முடித்துக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கரையில் கரைமடி இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரைமடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்லி இழுப்பார்கள். கயிற்றின் கடைசியில் நிற்பவர் விட்டுவிட்டு முன்னால் ஓடித் தண்ணீரோரம் போய்ப் பிடித்துக்கொள்வார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், கயிறு மட்டும் ஒரு நொடி தொய்யாது. தொய்ந்தால் மீன் போய்விடும். பிறந்ததிலிருந்து அவர்கள் கை படித்த பாடம் அது.

அந்தக் குரல் பாதியில் நின்றது. சத்தம் கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன், கடற்கரையில் சத்தத்துக்கு என்ன பஞ்சம்? நின்றதால் போனேன். ஈரக் கையோடு ஓடினேன். மணியன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பத்துப் பதினைந்து ஆண்கள் வள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கிற ஒருவரை வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் போட்டு, தலை கீழே தொங்க, இரண்டு பேர் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார்கள். "வெள்ளம் போகட்டு! வெள்ளம் போகட்டு!" என்று ஒரே கூச்சல். தண்ணீரைத்தான் அங்கே வெள்ளம் என்பார்கள். விழுந்தவர் பெயர் சேவியர். குத்திக்கொண்டிருந்த இருவரில் மூத்தவர் அவருடைய அண்ணன் லாசர். வலைக்குத் தலைவரும் அவர்தான்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கேட்டேன்: "எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள கெடந்தாரு?"

"கெடக்கவே இல்ல சிஸ்டரே. முட்டளவு வெள்ளத்துல நின்னு இழுத்துட்டு இருந்தாரு, குப்புற விழுந்தாரு, உடனே தூக்கியாச்சு" என்றான் ஒரு இளைஞன்.

"விழுறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா?"

"கை கடுக்கு, நெஞ்சு அடைக்குன்னு சொன்னாரு. காலம்பற கட்டன்சாயா மட்டும்தான் குடிச்சாரு, வயித்துல கேஸாக்கும்னு நெனச்சோம்."

இவர் தண்ணீர் குடித்து விழவில்லை. இருதயம் நின்று விழுந்திருக்கிறார், விழுந்த இடம்தான் கடல். கடலில் விழுந்தவன் என்றாலே தண்ணீர் குடித்தவன் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆயுசு பூராவும் கடலைப் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அப்படியே தண்ணீர் குடித்திருந்தாலும் இந்தக் குத்து உதவாது. வயிற்றில் கிடப்பதெல்லாம் தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலில்தான் இறங்கும்.

"இறக்குங்கோ! மலர்த்திப் போடுங்கோ கீழ!" என்று கத்தினேன்.

லாசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தள்ளி நில்லு சிஸ்டரே. கடல்ல விழுந்தவனுக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். எனக்க அப்பனையும் இப்பிடித்தான் போட்டு எடுத்தோம்."

"அப்பன் பிழைச்சாரா?" என்றேன்.

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. லாசர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அடி விழும் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கேள்விக்கு வெட்கமாக இருக்கிறது, ஒரு மகனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் கை தளர்ந்தது. தம்பியை மெதுவாகச் சரித்து மணலில் மலர்த்தினார்கள்.

சேவியர் வாயைத் திறந்து ஒரு தடவை காற்றை இழுத்தார். உடனே ஆரவாரம். "மூச்சு உண்டு! மூச்சு உண்டு!" என்று ஒருவர் அழவே தொடங்கிவிட்டார். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் ஏமாந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு இழுப்பு, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. கூப்பிட்டால் பதில் கிடையாது. அது மூச்சு இல்லை. "கரையில கொட்டின மீனு வாயத் திறக்கும்லா? அது மாதிரியாக்கும் இது. இதுக்குப் பேரு மூச்சு இல்ல" என்றேன். மீன்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மண்டியிட்டேன். சட்டை இல்லாத உடம்பு, இடம் தேட வேண்டிய வேலை இல்லை. இரண்டு மார்க்காம்புக்கும் நடுவே, நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன்மேல் மறு கை. விரல்களைக் கோத்து மேலே தூக்கிவிட வேண்டும், விலாவில் படக்கூடாது. முழங்கை மடங்கக்கூடாது. நம் தோள் நேராக அவர் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். கைபலத்தால் அமுக்குவதில்லை, நம் உடம்பின் பாரத்தால் அமுக்குவது. இதெல்லாம் நீங்கள் பொம்மையில் படித்ததுதான். பெண்ணாக இருந்தாலும் இடம் இதேதான், கூச்சப்பட்டுக் கையை நகர்த்துகிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

நாலு அமுக்கு அமுக்கியதும் தெரிந்துவிட்டது. அவர் முதுகு மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு இறங்கவில்லை. அதே மெத்தை!

"பலகை! வள்ளத்துல கெடக்க பலகைய எடுங்கோ! இருந்து துழையுத பலகை!"

வள்ளத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பலகையை யாரோ தாவி எடுத்துப்போட்டார்கள். நாலு பேர் தூக்க, பலகையை உள்ளே தள்ளி மறுபடி கை வைத்தேன். இந்த முறை நெஞ்சு இறங்கியது. கைக்குத் தெரியும் அது. முப்பது எண்ணி முடித்து, வாயோரம் துடைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊதினேன். உப்பும் பீடியும் கலந்த நாற்றம். பிறகு மறுபடி முப்பது.

அப்போதுதான் புஷ்பம் வந்தாள், சேவியரின் மனைவி. தலைவிரி கோலமாக ஓடி வந்தவள் என் ஜீப்பைப் பார்த்துவிட்டாள். "வண்டி நிக்குதில்லா! அம்மோ, வண்டி நிக்குதில்லா! தூக்கிப் போட்டுக் கொண்டு போங்கோ!"

கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துவிட்டார்கள். மணியன்கூடச் சொன்னான்: "சிஸ்டரே, கொண்டு போயிருவோமே. ஹாரன் அடிச்சுட்டு ஒரே விடு விடுறேன்."

நான் அமுக்கிக்கொண்டேதான் யோசித்தேன். எங்கள் ஜீப்பில் பின்னால் இரண்டு பக்கமும் குறுகலான சீட், நடுவில் மருந்துப் பெட்டி. ஆளை மடக்கித்தான் போட வேண்டும். சந்து, கல், வளைவு. அந்த ஆட்டத்தில் யாராலும் ஒழுங்காக ஒரு அமுக்குக்கூட அமுக்க முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் போகாது. சேவியர் போய்ச் சேர்வார், உயிர் போய்ச் சேராது. ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லி அவர் செத்தால்? வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு ஆளைச் சாகவிட்ட நர்ஸ். அந்தக் கரையில் என்னை உயிரோடு விடுவார்களா? பொய் சொல்லவில்லை, எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

வண்டி அங்கே நிற்கிறவரை அவர்கள் அவரை என்னிடமிருந்து பிடுங்கத்தான் செய்வார்கள். அதனால் வண்டியே அங்கே நிற்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"மணியா! ஆம்புலன்சுக்கு விளி. நெஞ்சு நின்ன கேஸ், ஷாக் மிஷின் வேணும்னு சொல்லு. அவனுக்கு இந்த ரோடு தெரியாது, கல்லு போட்ட எடத்துல வந்து திகைச்சு நிப்பான். வண்டிய எடுத்துட்டு ஜங்ஷனுக்குப் போ. சந்து வழியா கூட்டிட்டு வா. போ!"

"வண்டிய எடுத்துட்டா? இவரு இல்லாமயா?"

"போலே!"

என் வாழ்க்கையில் மணியனை 'லே' போட்டது அன்று ஒரு நாள்தான். அவன் போனில் பேசிக்கொண்டே ஓடினான். காலி வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்து, கையையும் காலையும் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தம் இருக்கிறதே! "வண்டிய அனுப்பிப்போட்டா! கொல்லுதா பாருங்கோ, கொல்லுதா!" என்று புஷ்பம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நகம் பதிந்தது. நான் அமுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்க கைய நிறுத்தினா உனக்க மாப்பிள்ள போயிருவாரு மக்கா. எனக்க முடியப் பிடி, கைய மட்டும் பிடிக்காத" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்து ஏசுவே ஏசுவே என்று அரற்ற ஆரம்பித்தாள்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருத்தியால் சரியாக அமுக்க முடியாது. அமுக்குகிறோம் என்று நாம் நினைப்போம், ஆழம் குறைந்துகொண்டே வரும். அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற, நல்ல கட்டான இளைஞனைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தேன். அவன் கை கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்கு இறங்கியது. தண்ணீரை வெளியேற்றுகிற எண்ணம் அவனை விடவில்லை. எலும்பு முடிந்து கீழே போனால் அமுங்குவது ஈரலும் இரைப்பையும்தான். கையில் ஒரு தட்டு தட்டி அவனை விலக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

லாசர் நின்றுகொண்டிருந்தார். என்னைத் தின்றுவிடுகிற கண். அவரைத்தான் கூப்பிட்டேன்.

ஏன் அவரை? உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியம் இதுதான். அந்தக் கரையில் எல்லாரும் கேட்பது அவர் பேச்சை. அவர் நின்றுகொண்டிருந்தால் எந்த நொடியிலும் "தூக்குங்கலே" என்று சொல்லிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. அவர் மண்டியிட்டுவிட்டால் வேறு எவனும் சேவியரைத் தொடமாட்டான். தடுக்கிறவரோடு வாதாட அங்கே நேரம் கிடையாது. அவர் கையில் வேலையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"அண்ணே, எனக்குக் கை ஓஞ்சுபோச்சு. நீங்க இல்லாம முடியாது. வாங்கோ" என்றேன்.

வந்தார். கையை நான் பிடித்து வைத்தேன். இடம் சரி, முழங்கை நேர். அமுக்கினார். அப்பா, என்ன பலம்! ஆனால் அமுக்கினவர் அப்படியே நிற்கிறார். கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல, முழு உடம்பும் நெஞ்சின் மேல். மெதுவாக அடுத்த அமுக்கு, அதற்குமேல் அடுத்தது. நடுவில் நெஞ்சை எழவே விடவில்லை.

"விடுங்கோ! அமுக்கிட்டு விடணும்!"

விடவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று தோளில் அடித்தேன். "விடுங்கோ அண்ணே!"

"விட்டா போயிருவான் சிஸ்டரே!"

அதுவரை கோபமாக இருந்த குரல் அப்படியே உடைந்துவிட்டது. கயிறு பிடித்த கை, விட்டால் போய்விடும் என்று மட்டுமே தெரிந்த கை.

"விடல்லேன்னாதான் போவான். இது கயிறு இல்ல அண்ணே. நீங்க விடும்போதுதான் ரத்தம் உள்ள வந்து நிறையும். நிறைஞ்சாத்தான் அடுத்த அமுக்குக்கு மூளைக்குப் போவும். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. கை எடுக்காண்டாம், பாரத்த மட்டும் எடுங்கோ. வேகமா. நான் சொல்லுத வேகத்துக்கு."

அவர் கைமேல் என் கையை வைத்து, எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. நாலாவது அமுக்கில் ஒரு இடைவெளி வந்தது. பத்தாவதில் நெஞ்சு முழுதாக எழுந்தது. கை பழைய பாடத்தை மறந்து புதுப் பாடத்தைப் பிடித்துக்கொண்டது.

பதினைந்தோ பதினாறோ எண்ணும்போது, டப்பென்று சத்தம். கேட்டிருக்கிறீர்களா நீங்கள்? காய்ந்த விறகு ஒடிவதுபோல. லாசர் கையைத் தூக்கிவிட்டார். "ஒடிச்சுப்போட்டேனே... எனக்க தம்பிய ஒடிச்சுப்போட்டேனே..."

சுற்றி நின்றவர்கள் ஐயோ என்றார்கள். நான் கை வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். நடு எலும்புதான், கையின் இடம் மாறவில்லை. "எலும்பு ஒட்டிக்கிடும். உசிரு ஒட்டாது. அமுக்கு!" என்று அலறினேன். மரியாதையெல்லாம் போயிருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி கை வைத்தார். கண்ணீர் தம்பியின் நெஞ்சிலேயே விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. இரண்டு நிமிடம் ஆவதற்குள், யாரும் சொல்லாமலே அடுத்த ஆள் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் கையைத் தயாராக வைத்திருந்தான். நான் "மாறு" என்றதும் ஒரு கை எழ, மறு கை விழுந்தது. நடுவில் ஒரு அமுக்கு தவறவில்லை. அமுக்கி முடித்தவன் பின்னால் போய் வரிசையில் நின்றான். அமுக்குகிறவன் விடாமல் நின்றால் லாசரே "விடுலே, விடு" என்று அதட்டினார். நான் எண்ண, எல்லாரும் ஏற்றுச் சொன்னார்கள். முப்பது ஆனதும் நான் குனிந்து இரண்டு ஊது. மறுபடி ஒண்ணு. கடலில் வலை என்ன ஆயிற்று என்று ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கரையில் கயிற்றைக் கைவிட்டுப் பார்த்தது அன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எட்டுப் பேர் மாறினார்கள், லாசர் இரண்டு தடவை வந்தார். அதற்குள் என் மனசு எத்தனை தடவை சொல்லிவிட்டது தெரியுமா, போதும், போய்விட்டார், காலி வண்டியை அனுப்பியவள் நீதான் என்று. வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

சைரன் சந்துக்குள் கேட்டது. முன்னால் மணியன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தான். ஆம்புலன்ஸ் பையன் மிஷினோடு மணலில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்தான். நெஞ்சைத் துடைத்து, ஒட்டி, "எல்லாரும் தள்ளி மாறுங்கோ" என்றான். முதல் ஷாக்கில் ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினோம். இரண்டாவது ஷாக். மறுபடி அமுக்கினோம். சேவியரின் கை லேசாக நகர்ந்தது. பையன் கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பள்ஸ் உண்டு சிஸ்டரே."

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லாசரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு அவர், "அப்பன் பிழைக்கல்ல சிஸ்டரே" என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் இப்படித் திரும்பி வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சேவியருக்கு முன்னாலும் பின்னாலும் நான் அமுக்கியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. அன்று கையை வைத்த இடம் சரி, பலகை சரி, வண்டியை அனுப்பியதும் சரி என்று இன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறதென்றால் அவர் பிழைத்ததால்தான். பிழைக்காமல் போயிருந்தாலும் அதெல்லாம் சரிதான். ஆனால் அதைச் சொல்ல நான் அந்தத் தெருவுக்குள் போயிருக்க முடியாது. அந்தப் பயத்தோடுதான் நீங்களும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் ஆள் போய்விடுவார்.

அடுத்த மாதம் அதே முதியவருக்குக் குழாய் மாற்றப் போனேன். சந்துத் திருப்பத்தில் புஷ்பம் நின்றிருந்தாள். சேவியர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு என் தோளைத் தொட்டாள். நகம் பதிந்த இடத்தை.

உள்ளே யாரோ இருமினார்கள். உடனே, "அம்மோ, செத்தேனே!" என்று ஒரு கத்தல்.

"கேட்டியளா? ராவும் பகலும் இதாக்கும். இருமுனா வலிக்கி, சிரிச்சா வலிக்கி, திரும்பிப் படுத்தா வலிக்கி. அண்ணன கண்டா, 'எனக்க வாரியெலும்ப ஒடிச்ச பாவி'ன்னு ஒரே சண்ட" என்றாள்.

"எலும்பு கூடி வர நாளெடுக்கும் மக்கா. வலி மாத்திரை தந்திருக்காவ இல்லியா? ராத்திரி தூங்க விடுதாரா உன்ன?" என்று கேட்டேன்.

புஷ்பம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவரு முனங்கினா எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டரே. முனங்காம கெடந்தாத்தான் பயம். தட்டி எழுப்பி, வலிக்குதான்னு கேப்பேன். வலிக்கிடீன்னு ஏசுவாரு. அதக் கேட்டப்பொறவுதான் நான் ஒறங்குவேன்."